முன்வாயும் பின்வாயும்

துப்பாக்கிக்கும் தமிழ்த்துறைக்கும் என்ன தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். தொடக்கத்தில் எமக்கும் அவ்வாறே தோன்றியது. வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர், தமிழ்வழி பயிலும் மாணவர்க்கென எழுதிய பாடக் குறிப்பை எம்மிடம் தந்து, "மொழியை மட்டும் பார்த்துக் கொடுங்கள், ஐயா" என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் போர்களைப் பற்றிய குறிப்பு அது. ஒற்றுப் பிழைகளைக் களைந்து, வாக்கியங்களைச் சற்றே சீர்செய்து, ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்றெண்ணி அமர்ந்தோம். மூன்றாம் பக்கத்தில் ஒரு தொடர் எம்மைத் தடுத்து நிறுத்திவிட்டது. 'குழலின் பின்புறத்தைத் திறந்து அதன் வழியே குண்டும் மருந்தும் இடப்படும் படைத்துப்பாக்கி' என்று நண்பர் நீட்டி எழுதியிருந்தார். பக்கத்திற்கு நான்கு இடங்களில் இத்தொடர் வந்தது. மாணவன் மூச்சுத் திணறிப் போவான். இதற்கு ஒரு சொல் வேண்டும்.

துப்பாக்கி என்பதே நம் மொழிச் சொல்லன்று. துருக்கியர் வழங்கிய சொல் பல கை மாறி நம்மிடம் வந்து தங்கியது. பீரங்கி என்பது பரங்கியர் பெயரோடு ஒட்டி வந்தது. ஆயினும் துப்பாக்கிக்குள் மருந்திடும் செயலுக்கு மட்டும் நம் மக்கள் தம் சொல்லையே வைத்துக்கொண்டனர்: கெட்டித்தல். இறுக்குதல், கெட்டியாக்குதல் என்பது அதன் பொருள். இச்சொல்லே ஒரு சான்றாக நிற்கிறது. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து இறுக்கிய காலத்தில் பிறந்த சொல் அது. பின்புறம் திறக்கும் துப்பாக்கியில் கெட்டிப்பதற்கு ஒன்றுமில்லை. வைத்து மூடுவதுதான் உண்டு.

அக்காலத்து முறையை நூலில் படித்துத்தான் அறிய வேண்டிய நிலை எமக்கில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நிலக்கடலை பயிரிட்டு வந்த எம் பாட்டனார், இரவில் இறங்கிக் கொல்லையை உழுதுவிடும் பன்றிகளை விரட்டுவதற்கு உரிமம் பெற்று ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். அவர் கெட்டிப்பதைச் சிறு வயதில் பலமுறை அருகிருந்து பார்த்திருக்கிறோம். குழலை நிமிர்த்தி, அடிக்கட்டையைக் காலருகே ஊன்றுவார். கருமருந்தை அளந்து குழல்வாயில் கொட்டுவார். தேங்காய் நாரைச் சுருட்டித் திணித்துக் கம்பியால் இடிப்பார். கம்பியின் ஓசை மாறும்வரை இடிக்க வேண்டும். அந்த மாற்றம் அவர் காதுக்கு மட்டுமே தெரியும். அடுத்து ரவை. அதன்மேல் மீண்டும் நார். மீண்டும் இடி. கம்பியை உருவி அதன் இடத்தில் செருகியபின், கடைசியாகக் கேப்பை எடுத்துப் பொருத்துவார். இத்தனையும் முடிவதற்குள் பன்றி அடுத்த ஊருக்குப் போய்விடும் என்று எம் பாட்டியார் நகைப்பார்கள்.

உட்கார்ந்தபடியே கெட்டிக்கக் கூடாதா என்று ஒரு நாள் கேட்டோம். குழல் தம் மார்பளவு இருப்பதைக் கையால் காட்டிவிட்டுப் பாட்டனார் பேசாமல் இருந்துவிட்டார். பல்லாண்டு கழித்து இந்தப் பாடக் குறிப்பைத் திருத்தும்போதுதான் அக்கையசைவின் பொருள் எமக்கு முழுவதும் விளங்கிற்று. பன்றி திருப்பிச் சுடாது. போர்க்களத்தில் எதிரி சுடுவான். அவன் சுட்டுக்கொண்டிருக்கையில், நெடுங்குழலை நிமிர்த்தி நின்று இடித்துக்கொண்டிருக்க வேண்டியவனாக இருந்தான் முன்வாய்த் துப்பாக்கி ஏந்திய வீரன். நன்கு பழகியவன் நிமிடத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை சுடுவான். எஞ்சிய நேரமெல்லாம் அவன் நிற்கும் இலக்கு.

இதில் மற்றுமோர் இடர்ப்பாடும் இருந்தது. குழலின் உட்சுவரில் திருகிச் செல்லும் காடிகளை வெட்டினால் குண்டு சுழன்றுகொண்டு நேராகவும் தொலைவாகவும் செல்லும் என்பதை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். ஆனால், குண்டு காடிகளைக் கவ்வ வேண்டுமாயின் குழலுக்குள் இறுக்கமாக அமைய வேண்டும். இறுக்கமான குண்டை முன்வாயிலிருந்து அடிவரை இடித்து இறக்குவது பெரும்பாடு. குறி வேண்டுமாயின் வேகம் போயிற்று. வேகம் வேண்டுமாயின் குறி போயிற்று. பின்வாய் திறந்தால் இரண்டும் கிட்டும். குண்டைக் கைவிரலால் வைத்துவிடலாம். வீரன் தரையோடு தரையாகப் படுத்தபடியே அதைச் செய்யலாம்.

இதனை முதலில் செம்மையாகச் செய்து காட்டியவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் பெர்குசன். 1776ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் இங்கிலாந்தின் உல்விச்சில், மேலதிகாரிகள் முன்னிலையில், மழையிலும் காற்றிலும் நிமிடத்திற்கு நான்கு முதல் ஆறு முறை சுட்டுக் காட்டினார். விசைக்காப்பு வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் திருகாணி இறங்கி வழிவிடும். குண்டும் மருந்தும் இட்டு மறுபடி சுற்றினால் மூடிக்கொள்ளும். அவ்வளவு நல்ல கருவியில் ஏறத்தாழ நூறு மட்டுமே செய்யப்பட்டன. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பிராண்டிவைன் போரில் பெர்குசனின் வலது முழங்கை சிதைந்தது. 1780இல் அவர் அங்கேயே போரில் மடிந்தார். அவர் துப்பாக்கியும் அவரோடு மறக்கப்பட்டது. 1819இல் அமெரிக்க அரசு ஜான் ஹால் என்பவரின் பின்வாய்த் துப்பாக்கியை ஏற்றது. ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தும் வண்ணம் இயந்திரங்களைக் கொண்டு அதனைச் செய்தார் என்பதால், தொழில் வரலாற்றில் அவருக்குப் பெரிய இடமுண்டு. ஆனால், அதுவும் ஒரு குறையைத் தீர்க்கவில்லை.

பின்வாயைத் திறப்பது எளிது. திறந்த வாயை மூடுவதே கடினம் என்பதுதான் அக்குறை. மருந்து வெடித்ததும் கொதிக்கும் புகை எங்கே இடுக்கு உண்டோ அங்கெல்லாம் பாயும். சுடுபவன் கன்னமும் கண்ணும் அந்த இடுக்கின் அருகில் இருக்கின்றன. எரிபுகை முகத்தில் அடிப்பது ஒரு தீங்கு. குண்டைத் தள்ள வேண்டிய விசை வீணாவது மற்றொரு தீங்கு. கரி படிந்து மூடியே இறுகிக்கொள்வது மூன்றாவது. பானைக்கு மூடி செய்வது போன்ற எளிய வேலையென்று தோன்றும் இதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் பிடித்தன.

விடையின் பாதியைக் கண்டவர் ஜெர்மனியில் சோமர்டா என்னும் சிற்றூரில் பூட்டுச் செய்பவர் ஒருவரின் மகனாக 1787இல் பிறந்த டிரைசே. இளமையில் பாரிசு சென்று, பாலி என்னும் சுவிட்சர்லாந்துத் துப்பாக்கி வல்லுநரிடம் பணிபுரிந்தார். குண்டு, மருந்து, தீமூட்டும் பொருள் ஆகிய மூன்றையும் ஒரே பொதியாக்கிப் பின்புறமிருந்து இடும் முறைக்கு 1812இல் உரிமம் பெற்றவர் பாலி. ஊர் திரும்பிய டிரைசே பல்லாண்டு முயன்று செய்து முடித்தது நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போன்றது. கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வாய் திறக்கும். பொதியை வைத்து முன்னுக்குத் தள்ளி மடக்கினால் மூடும். பூட்டுக்காரர் மகனுக்குத் தாழ்ப்பாள் தோன்றியதில் வியப்பென்ன என்று எமக்குப் படுகிறது.

பொதி தாளால் ஆனது. தீமூட்டும் பொருள் அதன் அடியில் இல்லை. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே இருந்தது. ஆகவே, விசையை அழுத்தியதும் நீண்டதோர் ஊசி பாய்ந்து தாளைத் துளைத்து, மருந்து முழுவதையும் ஊடுருவிச் சென்று அதனைக் குத்தும். இதனால் 'ஊசித் துப்பாக்கி' என்று பெயர் பெற்றது. ஒவ்வொரு முறையும் ஊசி நெருப்பில் குளித்தெழுந்தது; அரித்து முறிந்தது. வீரன் மாற்று ஊசி கொண்டு செல்ல வேண்டியிருந்தது. புகைக் கசிவும் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் பிரஷ்ய அரசு 1840இல் அறுபதாயிரம் துப்பாக்கிகளுக்குக் கட்டளையிட்டது. உள்ளிருக்கும் மறை வெளிப்படாதிருக்க, '1841ஆம் ஆண்டு மாதிரி இலகு துப்பாக்கி' என்னும் பொருள்பட ஒன்றும் தெரியாத பெயரொன்றைச் சூட்டியது.

1864இல் டென்மார்க்கில் லுண்ட்பி என்னுமிடத்தில் இதன் திறம் சிறிய அளவில் வெளிப்பட்டது. துப்பாக்கி முனையில் ஈட்டி மாட்டி நெருங்கி வந்த டேனியரில் ஏறத்தாழப் பாதிப் பேர் சில நிமிடங்களில் வீழ்ந்தோ பிடிபட்டோ போயினர். பிரஷ்யர் தரப்பில் காயமுற்றோர் மூவர். அது ஜூலை 3. சரியாக ஈராண்டு கழித்து, 1866ஆம் ஆண்டு அதே ஜூலை 3இல், கோனிக்ரேட்சில் ஆஸ்திரியப் பெரும்படை ஊசித் துப்பாக்கியை எதிர்கொண்டது. ஆஸ்திரியரின் லோரென்ஸ் துப்பாக்கி முன்வாய் வகையே எனினும் தொலைவிலும் குறியிலும் ஊசித் துப்பாக்கியை விஞ்சியது. அவர்களோ நெருக்கமான அணிகளாக ஓடிச்சென்று ஈட்டிமுனையால் தாக்கும் முறையைக் கைக்கொண்டிருந்தனர். நின்று இடிப்பவன் ஒருமுறை சுடுவதற்குள் படுத்திருப்பவன் மூன்று நான்கு முறை சுட்டான். அந்த ஒரு நாளில் ஆஸ்திரியத் தரப்பு இழந்தது, சிறைப்பட்டோர் உட்பட, நாற்பதாயிரத்திற்கு மேல். பிரஷ்யர் இழப்பு ஒன்பதாயிரம்.

நண்பரின் குறிப்பில் இவ்விடத்தில் 'ஊசி வென்ற போர்' என்றோர் உபதலைப்பு இருந்தது. உண்மையைச் சொன்னால், அது அவர் எழுதியதன்று. அழகு கருதி யாம் சேர்த்தது. எதுகை மோனைக்கு ஆசைப்பட்டு வரலாற்றை வளைப்பது எம் போன்றோர்க்குப் பழகிய குற்றம். குறிப்பின் கைப்படியை மாணவர் சிலரிடம் படிக்கக் கொடுத்திருந்தோம். இளங்கலை இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "ஐயா, எட்டாம் பக்கத்தில் பிரான்சு நாட்டுத் துப்பாக்கி இதைவிட மேலானது என்று இருக்கிறதே, பிறகு அவர்கள் ஏன் தோற்றார்கள்?" என்று கேட்டான்.

அவன் கேட்டது சரியே. கோனிக்ரேட்சைக் கண்டு அஞ்சிய பிரான்சு, அந்த 1866இலேயே ஷாஸ்போ என்பவரின் துப்பாக்கியை ஏற்றது. அதுவும் ஊசி வகைதான். ஆனால், தாழ்ப்பாளின் முனையில் ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. வெடிப்பின் அழுத்தத்தால் அது விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். கசிவு குறைந்தது; விசை கூடிற்று. ஊசித் துப்பாக்கியின் குறிகாட்டி ஏறத்தாழ 600 மீட்டர் வரைதான். ஷாஸ்போவினுடையது 1,200 மீட்டர். 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 18இல் சேன் பிரிவா என்னும் சிற்றூரை நோக்கித் திறந்த மேட்டில் ஏறிய பிரஷ்ய அரசக் காவற்படையினரில் எண்ணாயிரம் பேர் அளவில் மாண்டும் காயமுற்றும் விழுந்தனர். தம் துப்பாக்கி எட்டும் தொலைவை அடைவதற்கு முன்பே பலர் விழுந்தனர். அப்படியிருந்தும் இரண்டே வாரத்தில் செடானில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் சிறைப்பட்டார்.

மாணவனுக்கு விடை சொல்வதற்காக மீண்டும் நூல்களைப் புரட்டினோம். 1866இல் பிரஷ்யருக்கு ஐந்து இருப்புப்பாதைகள் எல்லை நோக்கிச் சென்றன. ஆஸ்திரியருக்குப் பயன்பட்டது ஒன்றே. மோல்ட்கே பிரித்தனுப்பிய படைகள் களத்தில் வந்து கூடின. பட்டத்து இளவரசரின் படை நண்பகலுக்குப்பின் பக்கவாட்டில் வந்திராவிடில் முடிவு எவ்வாறிருக்குமோ! 1870இல் குருப் ஆலையின் எஃகுப் பீரங்கிகள், அவையும் பின்வாய் வகையே, ஷாஸ்போ எட்டாத தொலைவிலிருந்து பிரெஞ்சு அணிகளைச் சிதைத்தன. பிரான்சோ படைதிரட்டுவதிலேயே குழம்பிக் கிடந்தது. உபதலைப்பை அடித்துவிட்டு, அந்த மாணவனையே அழைத்து அப்பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னோம்.

விடையின் மறுபாதியை, அதாவது கசிவை முற்றும் அடைக்கும் வழியை, உலோகம் தந்தது. பிரிட்டிஷ் அரசு தன்னிடமிருந்த என்பீல்டு முன்வாய்த் துப்பாக்கிகளின் பின்பகுதியை வெட்டி, பக்கவாட்டில் திறக்கும் கதவு ஒன்றைப் பொருத்தும் முறையை 1866இல் ஏற்றது. அதனைக் கண்ட அமெரிக்கர் ஸ்னைடர் அவ்வாண்டே இறந்துபோனார். அத்துப்பாக்கிக்கென பாக்சர் என்னும் அதிகாரி அமைத்த தோட்டாவின் உறை மெல்லிய பித்தளைத் தகடு. வெடித்ததும் உறை விரிந்து சுவரோடு ஒட்டி வழியை அடைத்துக்கொள்ளும். மூடியைத் துப்பாக்கியில் தேடிக்கொண்டிருந்த நூற்றாண்டுக்கு, மூடி தோட்டாவிலேயே கிடைத்தது. 1871இல் மார்ட்டினி-ஹென்றி வந்தபின், இங்கிலாந்தின் படையில் இடிகம்பியின் காலம் முடிந்தது.

இவ்வளவும் தெரிந்துகொண்ட மகிழ்ச்சியில், தமிழ் மன்றக் கூட்டத்தில் இதனைப் பற்றிப் பேசினோம். என்பீல்டு என்ற பெயர் வந்தவுடன் 1857 நினைவுக்கு வராத இந்தியர் இருக்க முடியாது. அதன் பொதியும் தாளால் ஆனதே. பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழல்வாயில் கொட்ட வேண்டும். தாளின்மேல் தடவிய கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற செய்தி அவ்வாண்டு ஜனவரியில் டம்டம்மில் கிளம்பி, பாசறை பாசறையாகப் பரவியது. இந்துவுக்கும் இஸ்லாமியருக்கும் ஒருசேர வாயில் வைக்கவொண்ணாப் பொருளாயிற்று. யாம் பேச்சை இவ்வாறு முடித்தோம்: "பின்வாய்த் துப்பாக்கி பத்தாண்டுகள் முன்னதாக இந்நாட்டிற்கு வந்திருப்பின் கடிப்பதற்குத் தாள் இல்லை, 1857உம் இல்லை!" கைதட்டல் எழுந்தது. எமக்கும் நிறைவாகவே இருந்தது.

முன்வரிசையில், படையில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். எம் கல்லூரி விழாக்களுக்குத் தவறாது வருபவர். கூட்டம் கலைந்து தேநீர் அருந்துகையில் எம் அருகே வந்து, தணிந்த குரலில், "தம்பி, வேலூரில் கடித்தது எந்தத் தாளை?" என்று கேட்டார்.

யாம் விழித்தோம்.

"1806இல், ஜூலை பத்தாம் தேதி. வேலூர்க் கோட்டையில் துப்பாக்கியா மாறியது? தலைப்பாகை மாறியது. தோல் வைத்த தொப்பி போலொன்று. தாடி கூடாது, நெற்றியில் குறி கூடாது என்றார்கள். அங்கே தலை, மீரட்டில் வாய். பசையைத் துடைத்துவிட்டால் பாரம் இறங்கிவிடுமா, தம்பி? நம் பிள்ளைகள் நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் எழுந்தது கொழுப்புக்காக என்று எண்ணிக்கொண்டு போகிறார்கள்."

அவர் கோபமாகப் பேசவில்லை. கோபித்திருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மீரட் நிகழ்ச்சியை மீண்டும் படித்தோம். ஏப்ரல் 24ஆம் நாள் அணிவகுப்பில் தொண்ணூறு குதிரைவீரரில் எண்பத்தைந்து பேர் பொதியைத் தொட மறுத்தனர். அன்று அவர்களிடம் நீட்டப்பட்டது என்பீல்டின் புதிய பொதியன்று. அவர்கள் முன்பிருந்தே வழங்கிவந்த பழைய வகை. பல்லால் கடிக்க வேண்டா, விரலால் கிழித்தால் போதும் என்றும் சொல்லப்பட்டது. அப்படியும் மறுத்தனர். மே 9இல் அணிவகுப்புத் திடலில் அனைவர் முன்னிலையிலும் அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மீரட் எழுந்தது. முந்தைய ஆண்டில் அயோத்தி நவாபின் நாடு பறிக்கப்பட்டிருந்தது. படையினர் பலருக்கு அதுவே சொந்த மண். கடல் கடந்தும் போகவேண்டும் என்னும் விதி புதிதாய்ச் சேருவோர்மேல் அதே ஆண்டில் சுமத்தப்பட்டிருந்தது. தாள் இல்லாவிடினும் வேறொன்று வாய்த்திருக்கும். பின்வாய்த் துப்பாக்கியே கையிலிருந்திருப்பின் அவர்கள் எழாமல் இருந்திருப்பார்கள் என்று எதைக்கொண்டு சொன்னோம்? கைதட்டலைத் தவிர வேறு சான்று எம்மிடம் இல்லை.

ஆட்சியாளர்களும் இதனைக் கொழுப்பின் செய்தியாகக் கொள்ளவில்லை என்பதற்குப் பின்னர் அவர்கள் செய்ததே சான்று. கிளர்ச்சிக்குப்பின் இந்தியச் சிப்பாய்களுக்கென என்பீல்டின் காடிகளை நீக்கி, உட்சுவரை வழவழப்பாக்கிய துப்பாக்கியைத் தனியே செய்து கொடுத்தனர். பார்வைக்கு ஒன்றே, குறியும் தொலைவும் இல்லை. வெள்ளையர் படை ஸ்னைடர் ஏந்தியபோது இந்தியர் கையில் முன்வாய்த் துப்பாக்கி. அவர்கள் மார்ட்டினி ஏந்தியபின் இவர்களுக்கு ஸ்னைடர். ஒரு படி எப்போதும் பின்னே. மலைப் பீரங்கிப் பிரிவுகள் சில நீங்கலாகப் பீரங்கியையும் இந்தியரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். டிரைசே தாழ்ப்பாளைக் கண்டது கதவைத் திறக்க. இந்நாட்டில் அதே தாழ்ப்பாள் எவரிடம் எதைக் கொடாமல் இருப்பது என்பதற்கும் பயன்பட்டது.

அடுத்த மன்றக் கூட்டத்தில், எம் கூற்று பிழையென்று அதே மேடையில் சொன்னோம். அன்று கைதட்டல் இல்லை. பாடக் குறிப்பில் வேலூரைப் பற்றியும் காடி நீக்கிய துப்பாக்கியைப் பற்றியும் இரு பத்திகளை நண்பர் சேர்த்தார். தேடிப் புறப்பட்ட சொல்லும் ஒருவழியாக அமைந்தது. 'முன்வாய்த் துப்பாக்கி', 'பின்வாய்த் துப்பாக்கி' என்றே எழுதினோம். இவற்றினும் நல்ல சொல்லை இளைஞர் எவரேனும் காண்பாராயின் மகிழ்வோம்.

அச்சாகி வந்த முதற்படியைச் சுபேதார் அவர்களின் இல்லத்திற்கே கொண்டுசென்று கொடுத்தோம். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார். பின்பு பென்சில் கேட்டு வாங்கி, மீரட் பற்றிய பக்கத்தில் ஒரு சொல்லைச் சுழித்து எம்மிடம் நீட்டினார். 'தோட்டா' என்று எழுதியிருந்தோம்.

"பித்தளை உறை வந்தபின் தோட்டா என்று சொல்லுங்கள். அன்றைக்கு அது தாளில் மடித்த மருந்துப் பொட்டலம்தானே, தம்பி?" என்றார்.

இரண்டாம் பதிப்பில் பொட்டலம் என்றே திருத்தியிருக்கிறோம்.